கன்ஃப்யூஷன்னு எப்போ சொல்லணும், எப்போ வேற வார்த்தை போடணும்: பெங்களூர் ஆபீஸுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

மதுரை, திருச்சி, நெல்லைன்னு எங்கிருந்தோ நைட் பஸ் புடிச்சு விடியக்காலையில மடிவாளாவுல இறங்கி, பிஜியில (பேயிங் கெஸ்ட் விடுதி) பையைப் போட்டுட்டு திங்கட்கிழமை ஆபீஸ் போகப்போறவங்களுக்காக இதை எழுதுறேன். வேலை உங்களுக்குத் தெரியும், அதுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா "எனக்குப் புரியல"ங்கறதை இங்கிலீஷ்ல சொல்றது இருக்கே, அதுல தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. டீம்ல ஒருத்தர் தெலுங்கு, ஒருத்தர் ஹிந்தி, ரெண்டு பேர் கன்னடம், ஃபோன் கால்ல அந்தப் பக்கம் ஒரு அமெரிக்கா மேனேஜர், எல்லாருக்கும் பொதுவா இருக்குறது இங்கிலீஷ் மட்டும்தான், நம்ம கையில அதுக்கு இருக்குறதோ கன்ஃப்யூஷன்னு ஒத்தை வார்த்தை.

ஊர்ல அந்த ஒத்தை வார்த்தையை வச்சே காலத்தை ஓட்டிடலாம். கன்ஃப்யூஸ் ஆயிட்டேன், கன்ஃப்யூஸ் பண்ணாதடா, ஒரே கன்ஃப்யூஷன் மச்சி, எல்லாம் ஓடும். தமிழ்ல குழப்பம்னு சொன்னா போதும், சூழ்நிலையைப் பாத்து கேக்குறவங்க புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்காரன் அப்படி விட மாட்டான், குழப்பம் எங்க உக்காந்திருக்குன்னு பாத்து வேற வேற வார்த்தை வச்சிருக்கான். உங்க தலையிலயா, வந்த மெயில்லயா, ரெண்டு ஆளுக்கு நடுவுலயா, இல்ல ரெண்டு சாமானை மாத்திப் புடிச்சுட்டீங்களா? வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியை மனசுக்குள்ள கேட்டுக்குங்க, மீதி எல்லாம் இதுலேர்ந்து தானா வந்துரும்.

ஸ்டெப் 1: கன்ஃப்யூஸ்டு நீங்க, கன்ஃப்யூசிங் அது

இது ரொம்ப பேசிக், ஆனா தினமும் காதுல விழுது. "ஐ ஆம் கன்ஃப்யூசிங்"னு சொன்னா "நான் மத்தவங்களைக் குழப்பி விடுற ஆளு"ன்னு அர்த்தம் ஆயிரும். குழம்பிப் போனது நீங்கன்னா "ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு". குழப்புறது அந்த டாக்குமென்ட்டுன்னா "திஸ் டாக்குமென்ட் இஸ் கன்ஃப்யூசிங்". போர்டு, போரிங் ரெண்டும் இதே கதைதான், மீட்டிங்ல "ஐ ஆம் போரிங்"னு சொல்லிட்டு ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு முழிக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

அதுக்கப்புறம் வர்ற குட்டி வார்த்தை. எதைப் பத்தி குழப்பம்னு சொல்ல "அபௌட்", எது குழப்புச்சுன்னு சொல்ல "பை". "ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு அபௌட் த லீவ் பாலிசி" சாதாரணமான கேள்வி. "ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு பை யுவர் மெயில்"னா விரல் அவர் மெயிலை நோக்கி நீளுது, எழுதுனவருக்கு சுருக்னு இருக்கும். வேணும்னே அப்படி எழுத வேண்டிய நாளும் வரும், அது வேற விஷயம்.

அப்புறம் "தேர் ஆர் லாட் ஆஃப் கன்ஃப்யூஷன்ஸ்"னு பன்மையில எழுதாதீங்க. இந்த அர்த்தத்துல அதை எண்ண முடியாது, தண்ணி மாதிரி. "தேர் இஸ் எ லாட் ஆஃப் கன்ஃப்யூஷன்", இல்லேன்னா "தேர் இஸ் சம் கன்ஃப்யூஷன் அபௌட் த டேட்ஸ்". இந்த ரெண்டாவது வாக்கியத்தை மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க, ஆபீஸ்ல தங்கம் அது, ஏன்னா யார் சொதப்புனாங்கன்னு சொல்லாமயே எங்கயோ சொதப்பல் இருக்குன்னு சொல்லிடுது, கேக்குற அத்தனை பேரும் தப்பு தன்னோடது இல்லன்னு நினைச்சுக்குவாங்க.

உச்சரிப்பு பத்தி ஒரு வரி. கன்பீஸ், கன்பூசன் எல்லாம் ஊர்ல ஓகே, இங்க நடுவுல "ஃப்யூ"வை அழுத்திச் சொல்லுங்க, கடைசி "ஷன்" டெலிவிஷன்ல வர்ற மாதிரி. நேஷன்ல வர்ற "ஷன்"னை விட கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். அவ்வளவுதான், இதுக்கு மேல அக்சென்ட் கோச்சிங் கிளாஸுக்கு காசு கட்டாதீங்க.

ஸ்டெப் 2: ஒண்ணை இன்னொண்ணுன்னு நினைச்சுட்டா

இதுக்கு வழி "கன்ஃப்யூஸ்" அப்புறம் "வித்". ஏ-வையும் பி-யையும் மாத்திப் புடிச்சா "ஐ கன்ஃப்யூஸ்டு ஏ வித் பி". நடுவுல "அண்ட்" போட்டு "ஐ கன்ஃப்யூஸ்டு ஏ அண்ட் பி"ன்னாலும் தப்பில்ல, ஆனா எதை எதுவா நினைச்சீங்கங்கறது அதுல நிக்காது.

இதுக்கு எக்ஸாம்பிள் புக்ல தேட வேண்டாம், பெங்களூரே போதும். கெம்பேகவுடான்னு இங்க எத்தனை இடத்துக்குப் பேர்னு பாருங்க. தேவனஹள்ளி பக்கம் இருக்குற ஏர்போர்ட் கெம்பேகவுடா, ஊருக்கு நடுவுல எல்லாரும் மெஜஸ்டிக்னு சொல்ற பஸ் ஸ்டாண்ட் கெம்பேகவுடா, பர்பிள் லைனும் கிரீன் லைனும் சந்திக்கிற மெட்ரோ ஸ்டேஷன் நாடப்பிரபு கெம்பேகவுடா. ஏர்போர்ட்டுக்கும் மெஜஸ்டிக்குக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டருக்கு மேல. மெஜஸ்டிக்குக்கு எதுத்தாப்புல இருக்குற ரயில்வே ஸ்டேஷன் மட்டும் கெம்பேகவுடா கிடையாது, அது கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா, சுருக்கமா கேஎஸ்ஆர், ஆனா டிக்கெட்ல கோடு பாத்தா பழைய எஸ்பிசி.

இதை விட மோசம் விஸ்வேஸ்வரய்யா. சர் எம். விஸ்வேஸ்வரய்யா மெட்ரோ ஸ்டேஷன் சென்ட்ரல் காலேஜ் பக்கம், மெஜஸ்டிக்லேர்ந்து அடுத்த ஸ்டாப். சர் எம். விஸ்வேஸ்வரய்யா டெர்மினல், அதாவது 2022-ல திறந்த அந்த பளபள ரயில்வே ஸ்டேஷன், பையப்பனஹள்ளி பக்கம், ஊரோட கிழக்கு மூலையில. டிக்கெட்ல எஸ்எம்விபின்னு போட்டிருந்தா அந்த டெர்மினல்தான். ஊருக்குப் போற ட்ரெயின் அங்கிருந்துன்னா, மெட்ரோ மேப்ல பேரைப் பாத்துட்டு சென்ட்ரல் காலேஜ்ல இறங்கி நிக்காதீங்க. பிஜி ரூம்மேட்டுக்கு நீங்க சொல்ல வேண்டிய இங்கிலீஷ்: "டோன்ட் கன்ஃப்யூஸ் த மெட்ரோ ஸ்டேஷன் வித் த டெர்மினல்." ஏற்கனவே தப்பான எடத்துக்குப் போயிட்டான்னா "ஹி மிஸ்டுக் த மெட்ரோ ஸ்டேஷன் ஃபார் த டெர்மினல்". மிஸ்டேக்குக்கு "ஃபார்", கன்ஃப்யூஸுக்கு "வித்".

இதே குடும்பத்துல சீனியர் ஆளுங்க மீட்டிங்ல எடுத்து விடுற வார்த்தை ஒண்ணு உண்டு, "கன்ஃப்ளேட்". "யூ ஆர் கன்ஃப்ளேட்டிங் டூ இஷ்யூஸ்"னு சொன்னா, ரெண்டு தனித்தனி பிரச்சனையைச் சேத்துப் புடிச்சு ஒண்ணா பேசுறீங்கன்னு அர்த்தம். திட்டுனது தான், ஆனா மரியாதையா. பதிலுக்கு "ஃபேர் பாயின்ட், லெட் மி டேக் தெம் ஒன் பை ஒன்"னு சொல்லிட்டு பிரிச்சுப் பேசுங்க.

ஸ்டெப் 3: டவுட்டை ஊர்லயே விட்டுட்டு வாங்க

நம்ம ஊர்ல டவுட்னா கேள்வி. ஸ்கூல்ல கை தூக்கி "சார், ஒரு டவுட்"னு கேட்ட பழக்கம், காலேஜ்ல டவுட் கிளியரிங் செஷன், டியூஷன்ல டவுட் கிளாஸ். இந்தியா பூரா இது ஓடுது, கன்னடக்காரங்க ஹிந்திக்காரங்க எல்லாரும் இப்படித்தான், அதனால உள்ளூர் டீமுக்குள்ள நீங்க எத்தனை டவுட் வேணா கேட்டுக்கலாம். பிரச்சனை கிளையன்ட் அமெரிக்காவுலயோ லண்டன்லயோ இருக்கும்போது. அவங்களுக்கு டவுட்னா சந்தேகம், அதாவது நம்பிக்கை இல்ல.

எங்க டீம்ல சேலத்துப் பையன் ஒருத்தன், நல்ல வேலைக்காரன். வெள்ளிக்கிழமை ரிலீஸ்னு கிளையன்ட் எழுதியிருந்தார். இவனுக்கு அது காலையிலயா சாயங்காலமான்னு தெரியணும், அவ்வளவுதான். சாட்ல "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் ஃப்ரைடே ரிலீஸ்"னு தட்டி விட்டான். அந்தப் பக்கம் மூணு புள்ளி ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது. கடைசில வந்தது "இஸ் தேர் எ ரிஸ்க் வி ஷுட் நோ அபௌட்?". அடுத்த பத்து நிமிஷத்துல மேனேஜர் சீட்டை விட்டு எழுந்து இவன் டெஸ்க்குக்கு வந்துட்டார், கிளையன்ட் சைடுல ரெண்டு பேரை எக்ஸ்ட்ராவா அந்த த்ரெட்ல சேத்துட்டாங்க. கேக்க வேண்டியது "க்விக் கொஸ்டின், வாட் டைம் ஆன் ஃப்ரைடே?" மட்டும்தான்.

அதனால டவுட் வர்ற இடத்துல எல்லாம் கொஸ்டின் போடுங்க. நிஜமாவே நம்பிக்கை இல்லேன்னா தான் டவுட், அப்பவும் "ஐ ஹேவ் சம் கன்சர்ன்ஸ்"னு எழுதுறது இங்க வழக்கம். இன்னொண்ணு, யாராவது "ஐ டவுட் இட்"னு சொன்னா "எனக்கு அதுல டவுட் இருக்கு, விளக்குங்க"ன்னு எடுத்துக்கிட்டு விளக்க ஆரம்பிச்சுராதீங்க. அது நடக்காதுன்னு நாசூக்கா சொல்றாங்க.

ஸ்டெப் 4: குழப்பம் மெயில்ல இருந்தா

இங்க ரெண்டு வார்த்தை தெரிஞ்சா நீங்க ராஜா. "ஆம்பிகுவஸ்"னா ஒரே வரியை ரெண்டு விதமா படிக்கலாம். "வேக்"னா ஒரு விதமாக்கூட சரியா படிக்க முடியல, மொழுக்குனு இருக்கு. "வில் சென்ட் சூன்" வேக். "வில் சென்ட் பை ஈஓடி" (எண்ட் ஆஃப் டே) ஆம்பிகுவஸ், ஏன்னா யாரோட நாள் முடியுற நேரம்? கலிஃபோர்னியாவை விட நாம கோடையில பன்னெண்டரை மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல பதிமூணரை மணி நேரம். நீங்க ராத்திரி உக்காந்து முடிச்சுக் குடுத்துட்டு தூங்கப் போறீங்க, அவரு அப்பதான் காபி குடிச்சுட்டு நாளை ஆரம்பிக்கிறாரு, அவசரமே இருந்திருக்காது.

இதே மாதிரி ஆபத்தான ஆளுங்க இன்னும் உண்டு. 04/05-ன்னு தேதி போட்டா நமக்கு மே 4, அமெரிக்காகாரருக்கு ஏப்ரல் 5. மாசத்தை எழுத்துல போட்டா சண்டையே இல்ல. "பைவீக்லி மீட்டிங்"னா வாரத்துக்கு ரெண்டு தடவையா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா? டிக்ஷனரியே ரெண்டு அர்த்தமும் போட்டிருக்கு, நாம என்ன பண்றது, கேலண்டர் இன்வைட் பாத்தாதான் தெரியும். "லெட்ஸ் டேபிள் திஸ்"னு பிரிட்டிஷ்காரர் சொன்னா இப்பவே எடுத்துப் பேசலாம்னு, அமெரிக்காகாரர் சொன்னா இப்போதைக்கு ஓரமா வைக்கலாம்னு, நேர் எதிர். ஆட்டோ டிரைவர்கிட்ட வெறும் "5த் கிராஸ்"னு சொல்றதும் இதே ரகம்தான், எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் ஒரு 5த் கிராஸ் இருக்கும். கிராஸ், மெயின், பிளாக் இல்ல ஸ்டேஜ், லேஅவுட் பேரு, எல்லாம் சொன்னா தான் வீடு வந்து சேரும்.

கேக்கும்போது "யுவர் மெயில் இஸ் ஆம்பிகுவஸ்"னு முகத்துல அடிச்ச மாதிரி எழுத வேணாம். "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், பை ஈஓடி டு யூ மீன் ஐஎஸ்டி ஆர் பிஎஸ்டி?"ன்னு அதாவது நம்ம நேரமா கலிஃபோர்னியா நேரமான்னு, ரெண்டு ஆப்ஷனையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அவரு ஒரு வார்த்தையில பதில் சொல்லிடலாம், நீங்க படிச்சுட்டு யோசிச்சுட்டுத்தான் கேக்குறீங்கன்னும் தெரிஞ்சுரும். வெறும் "ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு, ப்ளீஸ் எக்ஸ்ப்ளைன்"னு எழுதுனா அவரு முதல்லேர்ந்து மொத்தத்தையும் திரும்ப எழுதணும், யாருக்குப் பிடிக்கும் சொல்லுங்க.

நேர்லயோ ஃபோன் கால்லயோ பேசும்போதுன்னா "ஐ ஆம் நாட் ஷ்யூர் ஐ ஃபாலோ" ரொம்ப மரியாதையான வரி. "யூ லாஸ்ட் மி அட் த செகண்ட் ஸ்டெப்" கொஞ்சம் பழகுனவங்ககிட்ட, இதுல எந்த இடத்துல கோட்டை விட்டீங்கன்னும் சேத்து சொல்லிடுறீங்க. "டோன்ட் கன்ஃப்யூஸ் மி" மட்டும் வேண்டவே வேண்டாம். "கன்ஃப்யூஸ் பண்ணாதீங்க சார்"னு தமிழ்ல சிரிச்சுக்கிட்டே சொல்றது வேற, இங்கிலீஷ்ல அது அதட்டல்.

ஸ்டெப் 5: ஆளுங்களுக்கு நடுவுல

மிக்ஸப், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், கன்ஃப்யூஷன் மூணையும் நம்ம ஆளுங்க ஒரே டப்பாவுல போடுவாங்க. ரெண்டு ஃபைல் மாறிப் போச்சு, தப்பான ஆளுக்கு லேப்டாப் குடுத்துட்டாங்க, அது மிக்ஸப். ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் வேற மாதிரி எடுத்துக்கிட்டா மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். "யூ மிஸ்அண்டர்ஸ்டுட்"னு மட்டும் எழுதிராதீங்க, "ஐ மே நாட் ஹேவ் பீன் க்ளியர்"னு பழியைப் பாதி நம்ம பக்கம் இழுத்துக்கிட்டா எதிராளி இறங்கி வருவாரு. "சாரி ஃபார் த கன்ஃப்யூஷன்" எல்லாருக்கும் பொதுவான தைலம், தப்பு உங்களோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சா மட்டும் அதைத் தடவாதீங்க, மழுப்புறான்னு நினைப்பாங்க. அப்போ "மை மிஸ்டேக்"னு ரெண்டு வார்த்தை, அடுத்த வரியில சரியான ஃபைல்.

குழப்பத்துல சைஸ் உண்டு

லேசா யோசனையா இருந்தா "பஸ்ல்டு". அதுக்கு மேல "கன்ஃப்யூஸ்டு". என்ன பண்ணியும் காரணம் புடிபடல, லாக் பாத்தாச்சு, சர்வர் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, இன்னும் பிழை போகல, அது "பேஃபிள்டு". ஒரே நேரத்துல எல்லாம் புதுசா வந்து மோதி திக்குமுக்காடிப் போறது "பிவில்டர்டு", முதல் நாள் சாயங்காலம் சில்க் போர்டு ஜங்ஷன்ல ரோட்டை க்ராஸ் பண்ண நின்னா அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கலாம். "டிஸ்கம்பாபுலேட்டட்" சும்மா ஜாலிக்கு, 19-ம் நூற்றாண்டுல அமெரிக்காகாரங்க விளையாட்டா உருவாக்குன வார்த்தை. மில்வாக்கி ஏர்போர்ட்ல செக்யூரிட்டி செக் தாண்டுனதும், அவுத்த பெல்ட்டு ஷூ எல்லாம் திரும்ப மாட்டிக்கிற இடத்துக்கு "ரீகம்பாபுலேஷன் ஏரியா"ன்னே போர்டு வச்சிருக்காங்க.

ஆனா ஒரு வார்த்தைகிட்ட மட்டும் உஷாரா இருங்க, "நான்ப்ளஸ்டு". லத்தீன்ல "நான் ப்ளஸ்"னா இதுக்கு மேல இல்லன்னு அர்த்தம், அதுலேர்ந்து வந்தது. அடுத்து என்ன சொல்றது என்ன செய்றதுன்னே தெரியாம திகைச்சு நிக்கிறது, அதான் பழைய அர்த்தம், பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல இன்னிக்கும் அதுதான். அமெரிக்காவுல என்ன ஆச்சுன்னா, முன்னாடி "நான்" இருக்கே, எதுவோ இல்லங்கற அர்த்தமா இருக்கும்னு ஜனங்க எடுத்துக்கிட்டு, "கொஞ்சமும் அசரல, கண்டுக்கவே இல்ல"ன்னு நேர் எதிர் அர்த்தத்துல போட ஆரம்பிச்சுட்டாங்க, இப்போ அதுவும் டிக்ஷனரில ஏறிடுச்சு. "த கிளையன்ட் வாஸ் நான்ப்ளஸ்டு பை த டெமோ"ன்னு ஒரு மெயில் வருதுன்னு வைங்க. கிளையன்ட் திகைச்சுப் போனாரா, இல்ல அதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னு உக்காந்திருந்தாரா? எழுதுனவரு எந்த ஊருன்னு பாத்தாதான் ஓரளவு ஊகிக்கலாம். குழப்பத்துக்குன்னே இருக்குற வார்த்தை இப்படி ஆனதுக்கு அப்புறம், என்னோட தீர்ப்பு: படிச்சா புரிஞ்சுக்குங்க, நீங்க எழுதாதீங்க.

இடமே கலவரமா இருந்தா சொல்ற வார்த்தைங்களை வேகமா முடிச்சுடுறேன். "மெஸ்" எல்லாத்துக்கும் ஆகும். நம்ம சாப்பாட்டு மெஸ் வேற சமாச்சாரம், மடிவாளாவுல ஆந்திரா மெஸ் போர்டு பாத்தா தைரியமா உள்ள போங்க. "கேயாஸ்" பெரிய அளவு, மழை பேஞ்ச அன்னிக்கு அவுட்டர் ரிங் ரோடு. எழுத்துல சி-யும் ஹெச்-சும் இருக்குன்னு "சாவோஸ்"னு படிக்காதீங்க. "ஷாம்பிள்ஸ்" பிரிட்டிஷ்காரங்க அதிகமா சொல்லுவாங்க, அது ஒரு காலத்துல கசாப்புக் கடைத் தெருவைக் குறிச்ச வார்த்தை. "பெட்லம்" லண்டன்ல 1247-ல ஆரம்பிச்ச பெத்லெம் மடம் பின்னாடி மனநல ஆஸ்பத்திரி ஆனதுலேர்ந்து வந்தது, அந்தக் கதை தெரிஞ்சப்புறம் எனக்கு அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூட போட மனசு வரல. அமெரிக்கா மெயில்ல "ஸ்னாஃபு"ன்னு வந்தா சின்ன சொதப்பல்னு எடுத்துக்குங்க, ஆனா பதில் மெயில்ல நீங்க போடாதீங்க, ரெண்டாம் உலகப் போர் காலத்து பட்டாளத்துச் சுருக்கெழுத்து அது, அதுக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை ஒளிஞ்சிருக்கு.

ஆபீஸ் கேட்டைத் தாண்டுனா

வெளிய இந்த இங்கிலீஷ் எதுவும் தேவைப்படாது. கடையில, பஸ்ல, பிஜி ஓனர் அம்மாகிட்ட, "கொத்தாகலில்ல, இன்னொந்து சல ஹேளி"ன்னா போதும், புரியல இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அர்த்தம். ஹலசூரு, ஸ்ரீராமபுரம் பக்கம்லாம் தமிழ்லயே காரியம் முடிஞ்சுரும், ஆனாலும் ரெண்டு வரி கன்னடம் பேசுனா கிடைக்கிற மரியாதையே தனி. குழப்பத்துக்கு கன்னடத்துல "கொந்தல", முதல் எழுத்தை கொஞ்சம் அழுத்தி கோவிந்தன்ல வர்ற "கோ" மாதிரி, ஆனா குறிலா சொல்லணும், பேப்பர்ல தலைப்புல அடிக்கடி வரும். ஹிந்தி ரூம்மேட் "கட்பட்"னு கத்துனா எங்கயோ ஏடாகூடம்னு எழுந்து ஓடுங்க. அதே வார்த்தை ஐஸ்கிரீம் கடை மெனுவுல இருந்தா ஓட வேணாம், அது மங்களூர் பக்கத்து ஐட்டம், உசரமான கிளாஸ்ல ரெண்டு மூணு வகை ஐஸ்கிரீம், பழம், ஜெல்லி, நட்ஸ் எல்லாத்தையும் அடுக்கிக் குடுப்பாங்க, முதல் சம்பளத்துல ஒண்ணு சொல்லிப் பாருங்க.